எலும்பில் தோன்றும் புற்றுநோய்



ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஆசிரியனாயிருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன். ராஜபாளையத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படித்த பதினைந்து வயது மாணவன் ஒருவன், முழங்காலுக்குச் சற்று மேலே வலிக்கிறது என்றான். "பந்தாட்டத்தில் அடிபட்டிருக்கும், எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போடு" என்று சொன்னவன் நானே. இரண்டு மாதங்கள் கழிந்தன. வீக்கம் பெருத்து, இரவில் உறக்கம் கெட்ட பிறகே மதுரையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது.

எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஆஸ்டியோசார்கோமா என்பதாகும். இஃது அரிய நோயே. ஆயினும் எலும்பு விரைந்து வளரும் இளம்பருவத்தையே பெரும்பாலும் பற்றுகிறது. முழங்காலை அடுத்த பகுதியே இது மிகுதியாகத் தோன்றும் இடம்.

1970-க்கு முன்னர் உறுப்பைத் துண்டிப்பதே பெரும்பாலும் வழி. துண்டித்தும், நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேரே பிழைத்தனர். காரணம் என்ன? படத்திற்கும் புலப்படாத புற்றணுக்கள் அதற்கு முன்பே இரத்தத்தின் வழியாக நுரையீரலை அடைந்துவிடுகின்றன. கத்தி எட்டாத அவ்விடத்தை மருந்து எட்டும். 1970-களில் அத்தகைய மருந்துகள் வழக்கிற்கு வந்தன. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவற்றைச் செலுத்துவதால், நோய் பரவுமுன் வந்து சிகிச்சையை முற்றும் பெறுவோருள் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நுரையீரலுக்குப் பரவியபின் வந்தோருள் அவ்வெண் 20, 30 என்று இறங்கிவிடுகிறது.

இன்று பலருக்குக் காலை எடுக்கவும் வேண்டுவதில்லை. நோயுற்ற எலும்பை நீக்கி, அவரவர் அளவுக்குச் செய்த உலோக எலும்பைப் பொருத்துகிறார்கள். சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் இத்துறையின் முன்னோடி. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தோற்றுவித்த அடையாறு புற்றுநோய் மருத்துவ நிலையமும் நம் மாநிலத்துக்குப் பெருந்துணை.

வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், உங்கள் மதிப்பெண்ணும் 60 என்று பொருளாகுமா? ஆகாது. மேற்சொன்ன எண்களும் கூட்டத்தின் கணக்கே, தனியொருவரின் தலையெழுத்தன்று. ஆனால் பரவுமுன் வந்த கூட்டமா, பரவியபின் வந்த கூட்டமா என்பது, நாம் காலம் தாழ்த்துவதையும் பொறுத்தது.

அம்மாணவன் சென்னையில் சிகிச்சை பெற்றான். ஒரு காலை இழந்தான், உயிரை இழக்கவில்லை. இன்று அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கர். என் பழைய சொல்லை அவர் ஒருநாளும் எடுத்துக்காட்டியதில்லை. நான்தான் மறக்கவில்லை.

ஆகவே, இரண்டு மூன்று வாரங்களாகியும் நீங்காத வலி, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, எலும்பின்மேல் வீக்கம் இவற்றைக் கண்டால், தேய்க்காதீர்கள், கட்டாதீர்கள். அரசு மருத்துவமனைக்குச் சென்று படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது சிறு கோளாறாகவே இருக்கும். அதையும் ஆசிரியர் சொல்லி அறியவேண்டாம். மருத்துவர் சொல்லி அறியுங்கள்.