நெற்பூவும் பதரும்

கதிர் செழிப்பாக வெளிவந்திருந்தும், சூடடித்துத் தூற்றும் வேளையில் பதர் மிகுந்துபோவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். பூச்சியின்மீதும் பசளையின்மீதும் பழியைப் போடுமுன், நெல் எவ்வாறு பூக்கின்றது என்பதை அறிதல் நலம். பல வேளைகளில் பதரின் காரணம் அப்பூவிலேயே உள்ளது.

கதிரிலுள்ள ஒவ்வொரு மணியும் முதலில் ஒரு பூவாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இதழ்களுக்குப் பதிலாக இரண்டு உமிகளே உள்ளன. அவற்றுள் நடுவில் சூலகமும், அதன் உச்சியில் இறகு போன்ற இரண்டு குறிகளும், சுற்றிலும் மகரந்தத்தைத் தாங்கிய ஆறு கேசரங்களும் இருக்கும். அடியிலுள்ள மிகச் சிறிய இரண்டு செதில்கள் நீரை உறிஞ்சிப் பருத்து உமிகளைத் திறக்கின்றன. முற்பகலில் திறக்கும் பூ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் மகரந்தம் குறியில் விழவேண்டும். நெல்லின் மகரந்தம் சில நிமிடங்களே உயிருடனிருக்கும். வெளியே தொங்கும் வெளிறிய துணுக்குகளைப் பலர் பூவென்பர்; அவை வேலை முடிந்த கேசரங்களே.

குறியில் விழுந்த மகரந்தமணி நுண்ணிய குழாயொன்றை விட்டுச் சூலகத்தை அடையும். கருக்கட்டிய பின்னரே மணியினுள் பால் ஏறும். அது முற்றுவதற்கு ஏறத்தாழ 30 நாட்கள் செல்லும். கருக்கட்டாத பூவின் உமிகள் வெறுமையாகவே மூடிக்கிடக்கும். பின்னர் எவ்வளவு பசளை இட்டாலும் அதனுள் அரிசி உண்டாகாது.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயுள்ள கட்டைபறிச்சான் முதலிய மூதூர்ப் பகுதி வயல்களில் இதற்கு இடையூறு செய்வது சிறுபோகத்துக் கச்சான் காற்றாகும். மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து வரும் இவ்வெப்பக் காற்று மகரந்தத்தையும் குறியையும் உலர்த்திவிடும். பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசைக் கடந்தாலும் பதர் பெருகும். பெரும்போகத்தில் வேறு விதமான தொல்லை: பூக்கும் நாட்களில் விடாது பெய்யும் வாடை மழை மகரந்தத்தை நனைத்துக் கெடுத்துவிடும்.

ஆகவே விதைக்கும்போதே பூக்கும் நாளை எண்ணிக்கொள்ள வேண்டும். நெல்லின் வயதில் 30 நாட்களைக் கழித்தால் அந்நாள் கிடைக்கும். பத்தலகொடையில் உருவான பிஜி 300 மூன்று மாத நெல். விதைத்து 60 நாளளவில் பூக்கும். பிஜி 352 மூன்றரை மாத நெல். 75 நாளளவில் பூக்கும். ஏப்ரல் கடைசியில் விதைத்தால் முன்னது ஜூன் கடைசியிலும், பின்னது ஜூலை நடுப்பகுதியிலும் பூக்கும் என்பதறிக. வாய்க்கால் நீர் குறைந்து காற்றும் கடுமையாக வீசும் நாட்களில் பூக்குமாறு பிந்தி விதைப்பது நன்றன்று. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர்விடும் நாளைத் தீர்மானிக்கும்போதே இக்கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம்.

குடலைப் பருவத்திலேயே மகரந்தம் உள்ளே உருவாகத் தொடங்குகின்றது. அன்று முதல் பால் ஏறும்வரை வயல் காயலாகாது. ஒரு கதிர் மேலிருந்து கீழாகப் பூத்து முடிய ஒரு வாரமளவு செல்லும்; அந்நாட்களில் முற்பகலில் மருந்து தெளித்தலைத் தவிர்க்க.

தோட்டப் பயிர்களுள் பூசணியின் இயல்பு வேறு. நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும். பூசணியிலோ ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு போன்ற சூலகம் தெரியும். முதலில் ஆண்பூக்களே தோன்றுவதால், அவை உதிர்வது கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால், தேனீ வராமையும் ஒரு காரணமாகலாம். அவ்வேளை விடியலில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் குறியில் மெல்லத் தடவலாம். பீர்க்கு மாலையிலும் புடோல் இரவிலும் பூப்பதால், அவற்றிற்கு இதைப் பொழுதுசாய்ந்த பின் செய்தல் வேண்டும். பூசணிக்கு மருந்து தெளிக்க நேர்ந்தால் பூக்கள் மூடிய பின், மாலையிலேயே தெளிக்க.