கொரியப் போரில் இந்தியக் கள மருத்துவர்கள்

60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்பது, கொரியப் போரின்போது (1950–1953) இந்தியா அனுப்பிய இராணுவ மருத்துவப் பிரிவு ஆகும். ஐக்கிய நாடுகள் சார்பில் பல நாடுகள் போர்ப்படைகளை அனுப்பியபோது, இந்தியா மருத்துவ உதவியை மட்டுமே வழங்கியது. 1950 நவம்பரில் கொரியாவை அடைந்த இப்பிரிவுக்கு லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் தலைமை தாங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், 1941-இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இருவரில் ஒருவர்.

கள மருத்துவரின் பணி

காயமடைந்தவரின் குருதிப்போக்கை நிறுத்துதல், மூச்சுவழியைச் சீராக்குதல், அதிர்ச்சி நிலைக்குச் செல்லாமல் காத்தல் ஆகியவை கள மருத்துவரின் முதற்கடமைகள். அடுத்தது தரம் பிரித்தல். யாருக்கு உடனே அறுவை தேவை, யார் காத்திருக்கலாம் என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். இதில் பதவியோ, தன் படை, எதிரிப் படை என்ற வேறுபாடோ பார்க்கக் கூடாது. காயத்தின் கடுமையே வரிசையைத் தீர்மானிக்கிறது.

பியோங்யாங் இரயில்

1950 டிசம்பரில் சீனப் படைகள் முன்னேறியதால், ஐ.நா. படைகள் பியோங்யாங் நகரைவிட்டுப் பின்வாங்கின. வாகனங்கள் போதாததால், கருவிகளைக் கைவிட்டு வெளியேறும்படி இந்தியப் பிரிவுக்குக் கூறப்பட்டது. அறுவைக் கருவிகளும் மருந்தும் இல்லாவிட்டால் திறமையான மருத்துவராலும் உயிர் காக்க இயலாது என்பதால், ரங்கராஜ் அதற்கு இணங்கவில்லை. கைவிடப்பட்டிருந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவர்கள் கண்டுபிடித்தனர். வீரர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினர். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தனர். பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் இரயில் ஆற்றைக் கடந்தது. காப்பாற்றிய கருவிகளுடன் பிரிவு தன் பணியைத் தொடர்ந்தது.

டோமாஹாக் நடவடிக்கை

1951 மார்ச் 23 அன்று முன்சான் பகுதியில் அமெரிக்கப் பாராசூட் படையினர் தரையிறங்கினர். அவர்களுடன் ரங்கராஜ் தலைமையில் 12 இந்திய மருத்துவப் படையினரும் குதித்தனர். இறங்கிய இடத்திலேயே சிகிச்சை நிலையம் அமைத்து, ஏறத்தாழ நூறு அறுவைச் சிகிச்சைகள் செய்தனர்.

பிற்காலம்

இப்பிரிவு 1954 வரை கொரியாவில் பணியாற்றியது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. பின்னர் அவர் உலக சுகாதார அமைப்பின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். மகாவீர் சக்கரம், போரில் காட்டும் வீரத்துக்காக இந்தியா வழங்கும் இரண்டாவது உயரிய விருது. உயிரைக் காத்ததற்காக அது ஒரு மருத்துவருக்குக் கிடைத்தது என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.