ஆடும் மூட்டு

மலைநாட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் அதன் விளக்கைத் துடைப்பான்; தாங்கியை மினுக்குவான்; செயினுக்கு எண்ணெயும் இடுவான். ஆனால், குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பவர் அரியர். நானும் ஒரு காலத்தில் பாராதவர் கூட்டத்திலேதான் இருந்தேன்.

அப்பொழுது கலஹாவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தனாக இருந்தேன். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை அந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது. அங்கிருந்து தேயிலை உலகமெல்லாம் போயிற்று. தோட்டத்துப் பாதையோ கருங்கல்லும் சேறுமாக அங்கேயே கிடந்தது. அதில் ஓடுவதற்கென்றே கரடுமுரடான பாதைக்கு ஏற்ற ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

1994ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேற்பிரிவு லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை என்று ஆள் வந்தது. மருத்துவிச்சி அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். சில நாள்களாகவே வளைவுகளில் வண்டியின் பின்புறம் வாலாட்டுவதுபோல் அசைந்துவந்தது; டயரில் காற்றுக் குறைவு என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இறக்கத்து வளைவொன்றில் பின்சக்கரம் தன்னிச்சையாக ஒதுங்கியது. கானின் ஓரத்தில் இருவரும் சரிந்தோம். காயம் பெரிதில்லை. ஆனால், எஞ்சிய இரண்டு மைலையும் நடந்தே கடந்தோம். நாங்கள் போய்ச் சேருமுன் லயத்து மூதாட்டி ஒருத்தியின் கையில் குழந்தை பிறந்திருந்தது. தாயும் சேயும் சுகம். அந்தச் சுகத்தில் எனக்குப் பங்கில்லை என்பதுதான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் வண்டியை லொறியில் ஏற்றிக் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருந்த நானா ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் எஞ்சினின் கீழே மரக்கட்டை வைத்துப் பின்சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தினார். சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார், 'டக்' என்றது. மேலும் கீழும் தூக்கினார். ஷொக் அப்சோபர் அசையுமுன்னே சக்கரம் சிறிது தூரம் வெறுமனே எழுந்தது.

"முதல் ஆட்டம் ஸ்விங் ஆர்ம் பெயாரிங்; ரெண்டாவது கீழே இருக்கிற லிங்க் பெயாரிங்" என்றார்.

ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைப் பற்றியிருக்கும் கவர்க்கை. 1973இல் பெல்ஜியப் பொறியியலாளர் லூசியன் டில்கன்ஸின் அமைப்பைக் கொண்டு, பின்புறத்தில் ஒற்றை ஷொக் அப்சோபருடன் ஓடிய யமஹாவில் ஹாக்கன் ஆண்டர்சன் உலக மோட்டோகிராஸ் பட்டம் வென்றார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏனைய ஜப்பானிய நிறுவனங்கள் கவர்க்கைக்கும் ஷொக்குக்கும் இடையே ஒரு நெம்புகோல் இணைப்பைச் சேர்த்தன. பள்ளம் ஆழமாக ஆக, எதிர்ப்பும் படிப்படியாகக் கூடும்படி செய்வது அதுவே. சக்கரம் எழும் தூரத்தைவிட ஷொக் அமுங்கும் தூரம் மிகக் குறைவு. ஆதலால், இணைப்பின் மூட்டுகள் சக்கரத்தின் சுமையைவிடப் பன்மடங்கு சுமையைத் தாங்குகின்றன. அவை இருப்பதோ சேற்றுக்கு மிக அருகில்!

நானா மூட்டுகளைக் கழற்றி உறைகளை உருவினார். உள்ளே கிறீஸ் இல்லை; செந்நிறத் துருப்பொடியே இருந்தது. ஊசிபோன்ற எஃகு உருளைகள் உறையில் வரிவரியாகத் தடம் பதித்திருந்தன.

"தம்பி, இது சுத்துற பெயாரிங் இல்ல, ஆடுற பெயாரிங். சுத்துற சாமானில கிறீஸ் தானாச் சுத்தி வரும். இது நின்ன இடத்திலேயே ஆடும். நசுங்கி விலகின கிறீஸ் திரும்பி வராது. நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

நான் கல்லூரியில் கல்லாத பாடம் இது. ஓடுவதைப் பற்றியே கவலைப்படுகிறோம். இருந்த இடத்திலேயே இருந்து சுமப்பதை மறந்துவிடுகிறோம்.

அன்று முதல் ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னரும் அந்த வேலையை நானே செய்துவந்தேன். சக்கரத்தின் பாரத்தைக் கட்டையில் தாங்கியபின்பே ஆணிகளை உருவவேண்டும். சில வண்டிகளில் ஊசிகளைப் பிடித்துவைக்கும் கூடு இல்லை. அவை சிதறுமுன் எண்ணிக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்தி, நீருக்குக் கரையாத கிறீஸை ஊசிகளின் இடுக்குகளில் விரலால் அழுத்தி நிரப்பவேண்டும். தடம் விழுந்த உறையையும் கிழிந்த சீலையும் மீண்டும் போடுவது வீண். ஆணியிலும் மெல்லிய கிறீஸ் பூசாவிட்டால் அடுத்த முறை அது துருவேறி வெளியே வராது. கைந்நூலில் குறித்த அளவுக்கே நட்டுகளை முறுக்கவேண்டும். வண்டியைக் கழுவும்போது நீரைப் பீறிட்டு அந்த மூட்டுகளில் அடித்தலாகாது; அழுக்குப் போவதற்குப் பதிலாக நீர் சீலைத் தாண்டி உள்ளே புகும்.

இத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போதும்.

மருத்துவிச்சி அம்மா பின்னரும் பலமுறை என் வண்டியில் வந்தார். ஏறுமுன் ஒவ்வொரு தடவையும், "சக்கரத்த ஆட்டிப் பாத்தீங்களா ஐயா?" என்று கேட்பார்.

"பார்த்தேன் அம்மா" என்பேன். அதைப் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.