வண்டி திணறினால் முதலில் எதைப் பார்ப்பது?



நமது கடைகளுக்குச் சரக்கு வந்து சேர்வது வண்டியை நம்பித்தான். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அந்த வண்டி திணறினால், நாளை பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் மண்டியின் டீசல் லோடு வேன், பருப்பு மூட்டைகளுடன் விருதுநகரிலிருந்து மதுரைக்குக் கிளம்பியது. நான்கு வழிச்சாலையில் ஏறும்போது வேகம் எடுக்காமல் நின்று தயங்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் எங்கள் டிரைவர் தம்பி பிழைத்தார். பட்டறையில் பம்பையே மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை சொன்னார்கள். முன்பு எங்களிடம் வண்டி ஓட்டிய பெரியவரோ, "முதலாளி, பம்புக்கு முன்னால டீசல் ஃபில்ட்டரைப் பாருங்க" என்றார். திறந்தால் தண்ணீரும் கசடும்! புது ஃபில்ட்டர் போட்டு, குழாயிலிருந்த காற்றையும் எடுத்தபின் வண்டி பழையபடி இழுத்தது. பட்டறையை மட்டும் குறை சொல்வானேன்? மாற்ற வேண்டிய கெடு கடந்தும் தள்ளிப்போட்டவர்கள் நாங்கள்தானே.

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசை இது:

1. மிதிக்கும்போது கரும்புகை வந்தால், பெரும்பாலும் காற்று போதவில்லை. ஏர் ஃபில்ட்டரில் தூசி அடைத்திருக்கிறதா, டர்போ குழாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

2. புகையின்றித் திணறினால், டீசல் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். ஃபில்ட்டர், தண்ணீர், குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு ஆகியவற்றைச் சோதிக்கவும்.

3. இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் நழுவுகிறது.

4. பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக்கையும், த்ராட்டிலில் படிந்த கரியையும் முதலில் பார்க்கவும்.

5. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லவும். அது காட்டும் எண் ஒரு துப்புதான். அதை வைத்தே பாகத்தை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். வயர், கனெக்டர் சரியா என்று பார்த்தபின் முடிவு செய்யவும்.

கல்லாவில் கணக்கு இடித்தால் முதலில் சில்லறையை எண்ணிவிட்டுத்தானே பேரேட்டைப் புரட்டுகிறோம்? வண்டிக்கும் அதே ஒழுங்குதான். சிறு செலவில் தொடங்கிப் பெரிய செலவுக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. திணறும் வண்டியில் லோடு ஏற்றி யாரையும் சாலைக்கு அனுப்பாதீர்கள். சரக்கு ஒரு நாள் தாமதமானால் ஈடுகட்டிவிடலாம். போன உயிருக்கு ஈடு இல்லை.