பழைய கட்டிடங்களின் சுண்ணாம்புக் காரையைப் பழுது பார்த்தல்

நமது கிராமங்களிலுள்ள சாவடிகள், களஞ்சியங்கள், பழைய மச்சுவீடுகள் முதலியவை பெரும்பாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. இவற்றின் காரை பெயர்ந்தவுடன் சிமெண்டு வாங்கிப் பூசிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது சிக்கனம்போல் தோன்றினும் முடிவில் நஷ்டத்தையே விளைவிக்கும்.

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தின் நெல் கிடங்கில் இதைக் கண்ணாரக் கண்டேன். அடிச்சுவரில் ஈரம் கண்டதால் பஞ்சாயத்தார் சங்கப் பணத்தைச் செலவிட்டு மூன்றடி உயரம் சிமெண்டு பூசுவித்தனர். இரண்டு மழைக்காலம் கழியுமுன் ஈரம் அப்பூச்சுக்கும் மேலே ஏறிற்று. பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. செங்கல்லின் முகமும் அதனோடு உரிந்து வந்தது. சுவரோரம் அடுக்கிய மூட்டைகளில் நெல் பூசணம் பிடித்தது. நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சார்ந்தது.

இதன் காரணம் யாதெனில், பழைய சுவர் தரையிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. சுண்ணாம்புக் காரையில் நுண்ணிய துவாரங்கள் மிகுதியாதலால், அந்நீர் அதன் வழியே ஆவியாகிவிடும். சிமெண்டோ அவ்வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய நீரிலுள்ள உப்பு உறைந்து, பூச்சையும் செங்கல்லையும் உடைத்துத் தள்ளுகிறது. போர்ட்லண்டு சிமெண்டு இங்கிலாந்தில் 1824-ம் வருஷத்தில் உரிமை பதிவு செய்யப்பட்டது. சென்னையில் அதைச் செய்யும் முயற்சி 1904-ல்தான் நடந்தது. அதற்கு முற்பட்ட நமது சுவர்கள் சிமெண்டை உத்தேசித்துக் கட்டப்பட்டவையல்ல.

பழுது பார்க்கும் முறை வருமாறு:

1. முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். கூரை ஒழுக்கு, உடைந்த தூம்பு, சுவரோரம் குவிந்த மண் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பூசுவது வீண்.

2. சுவரை மரச்சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஓசை கேட்கும் இடத்தை மட்டும் பெயர்த்தெடுக்கவும். உறுதியான பழைய காரையைத் தொடலாகாது.

3. செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, தூசியைத் துடைத்து, நன்றாக நனைக்கவும்.

4. நீற்றிய சுண்ணாம்புக் களி ஒரு பங்குக்கு, உப்பில்லாத ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்து அரைக்கவும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நமது கொத்தனார்களின் நெடுநாளைய வழக்கம்.

5. ஒவ்வொரு பூச்சும் அரை அங்குலத்துக்கு மேற்படாமல், முதற்பூச்சு இறுகிய பின்னரே அடுத்ததைப் பூசவும். நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, கடும் வெயில் படாமல் காக்கவும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றே கல்லாகிறது, அவசரப்பட்டால் வெடிக்கும்.

6. மேலே எண்ணெய் வர்ணம் பூசாமல் வெள்ளையே அடிக்கவும்.

சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் பட்டால் ஏராளமான நல்ல நீரால் விடாமல் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்லவும்.

நீற்றிய களி, மேலே நீர் நிற்கும்படி தொட்டியில் வைத்திருந்தால் கெடாது. நாளாக ஆக மேன்மையே அடையும். ஆகவே சங்கத்தின் பொதுவில் ஒரு தொட்டி அமைத்து, அனுபவமுள்ள கொத்தனாரைக் கொண்டு வருஷந்தோறும் மழைக்கு முன் சுவர்களைப் பார்வையிடச் செய்வது நலம். கையகலப் பொள்ளலைக் காலத்தில் அடைத்தால் சுவரும் நெல்லும் தப்பும்.