சவ்வரிசிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

மலாக்காப் பிள்ளைகளுக்குச் சவ்வரிசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் ஊற்றி எத்தனை கிண்ணம் காலி செய்திருப்பீர்கள்! அடுத்த முறை அம்மா சவ்வரிசி வேகவைக்கும்போது, பாதி வெந்த மணி ஒன்றைக் கரண்டியில் எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடி போல இருக்கும். நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும்.

பன்றி இறைச்சிக்குள் நாடாப்புழுவின் குட்டி இருந்தால், அதுவும் பார்க்க இப்படித்தான் இருக்கும். சவ்வரிசியைவிடச் சற்றுப் பெரிய நீர்ப்பை, அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. நான்கு உறிஞ்சிகளும் இரண்டு வரிசைக் கொக்கிகளும் அதில் உண்டு. கறி சரியாக வேகாவிட்டால் தலை உயிரோடு நம் குடலுக்குப் போய், கொக்கியை மாட்டிக்கொண்டு, சுமார் இரண்டு மாதத்தில் முழுப் புழுவாகிவிடும். இரண்டு மூன்று மீட்டர் நீளம் அதற்குச் சாதாரணம்.

வேகவைத்தால் புழு ஏன் சாகிறது? முட்டை பொரிப்பதைப் பார்த்திருப்பீர்களே. தண்ணீர் போல இருந்த வெள்ளைக்கரு, சூடு பட்டதும் வெளுத்துக் கெட்டியாகிவிடும். அதிலுள்ள புரதம் உருமாறிவிட்டது. ஆறவைத்தாலும் பழையபடி ஆகாது. புழுவின் உடம்பிலும் புரதம்தான். கறித்துண்டின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் சூட்டை எட்டினால் அது பிழைக்காது. நடுப்பகுதி என்பதுதான் முக்கியம். பிரட்டலில் மேலே கருகிய பெரிய துண்டு, உள்ளே பச்சையாகவே இருக்கலாம். மிளகாயும் உப்பும் எலுமிச்சையும் புழுவைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செம்பனைத் தோட்டங்களில் உதிர்ந்த பழத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றியின் கறியில் இன்னொரு புழு இருக்கலாம். தசைக்குள் சுருண்டு கிடக்கும் அந்தப் புழு வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாது. 1835-இல் லண்டனில், 21 வயது மருத்துவ மாணவர் ஜேம்ஸ் பேஜட், இறந்தவர் உடலின் தசையில் மணல் போன்ற வெள்ளைப் பொட்டுகளைக் கண்டு, அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே புழு! 2006-இல் தாய்லாந்தின் உத்தாய் தானி பகுதியில், காட்டுப்பன்றிக் கறியைப் பச்சையாகச் சாப்பிட்டவர்கள் இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு புழுவால் நோயுற்றார்கள். காட்டு விலங்குகளிலுள்ள சில வகைகள் ஐஸ்பெட்டியின் குளிரையும் தாங்கும். அடுப்புத்தான் நம்பகமானது.

“எங்கள் வீட்டில் பன்றியே சமைப்பதில்லை, எங்களுக்கென்ன?” என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தமிழ்நாட்டின் வேலூரில் இருக்கிறது.

1980-களில் இந்தியாவில் வலிப்பு வந்தவர்களின் மூளையைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது, பலருக்குச் சின்னதாக ஒரே ஒரு கட்டி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய மருத்துவர்களும் அவர்களது குழுவினரும் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் குட்டி! 1989-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இந்தியாவில் இந்நோய் கண்டவர்களில் பலர் பன்றிக்கறியைத் தொட்டதே இல்லை.

எப்படி வந்தது? குடலில் நாடாப்புழு உள்ளவரின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறும். அவர் கை கழுவாமல் உணவைத் தொட்டால், முட்டை அடுத்தவர் வயிற்றுக்குப் போகிறது. அங்கே பொரித்த குட்டி, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஓடி மூளையில் போய்த் தங்குகிறது. பன்றியின் தசையில் கட்டும் அதே சவ்வரிசிப் பை, இப்போது மனிதர் தலைக்குள்!

நம் நாட்டில் இந்நோய் அரிது. பண்ணைப் பன்றிகள் கொட்டகையில் தீனி தின்கின்றன; வீட்டுக்கு வீடு கழிப்பறை இருக்கிறது. மனிதக் கழிவு பன்றிக்கு எட்டாத இடத்தில் இந்தப் புழு வளர வழியில்லை.

கழிப்பறைக்குப் போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பச்சையாகத் தின்னும் உலாம் கீரையை ஓடும் நீரில் அலசுங்கள். பன்றிக்கறி சமைக்கும் வீட்டுப் பிள்ளைகள், இருப்பதில் பெரிய துண்டை நடுவில் வெட்டிப் பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். சிவப்பு தெரிந்தால் சட்டி இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் இருக்கட்டும்.