சல்லடை போட்டுத் தேடுவோம்

நூலகக் கணினியில் ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டுகிறோம். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்கிறது திரை. நாமும் திரும்பிவிடுகிறோம். புத்தகமோ அலமாரியிலேயே இருக்கிறது! நாம் ஏமாந்தது யாருக்குத் தெரியும்?

தேடித் தரும் கணினியாகிய செர்வருக்குத் தெரியும். அது ஒவ்வொரு தேடலையும் ஒரு வரியாகக் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பேட்டுக்கு 'லாக்' என்று பெயர்.

நூலகங்களுக்கான 'வூஃபைண்ட்' என்னும் மென்பொருள் அமெரிக்காவில் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உருவானது. (அது புனித அகுஸ்தினார் சபையினர் 1842இல் நிறுவிய கல்விக்கூடம் என்றறிந்து மகிழ்ந்தோம்!) அதனுள் தேடும் வேலையைச் செய்வது 'சோலர்'. சோலர் எழுதும் வரியில் நேரம், தேடிய சொல், கிடைத்த விடைகளின் எண்ணிக்கையாகிய 'ஹிட்ஸ்', விடை தேட ஆன நேரமாகிய 'க்யூடைம்' ஆகியவை இருக்கும். க்யூடைம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு.

பெரிய செர்வரில் இத்தகைய வரிகள் இலட்சக்கணக்கில் குவியும். கண்ணால் படித்து முடியுமா? இதற்கென்றே இருக்கிறது 'கிரெப்' என்னும் சல்லடை. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ஆக்கியது. 1973 முதல் யூனிக்ஸில் உள்ளது. கோப்பை வரி வரியாக வாசித்து, நாம் கேட்ட சொல் உள்ள வரியை மட்டும் தரும்.

ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். சிஸ்டர் பயிற்சிக்காகத் தந்த சிறு நூற்பட்டியலின் லாக்கில், 'க்யூடைம்=5' என்று நாங்கள் கேட்டோம். 5 மட்டுமா வந்தது? 50, 512, 5300 எல்லாம் வந்து நின்றன! அவ்வெழுத்துக்கள் எங்கிருந்தாலும் கிரெப்புக்குப் போதும். ஒரு விநாடியும் அதற்கு மேலும் ஆன தேடல்கள் வேண்டுமானால், க்யூடைமுக்குப் பின் நான்கு இலக்கமாவது இருக்க வேண்டும் என்று கேட்பதே சரி.

எங்களைக் கவர்ந்தவை 'ஹிட்ஸ்=0' வரிகள்தாம். வெறுங்கையோடு திரும்பியவர்களின் பட்டியல் அல்லவா அது! ஒரே மாதிரி வரிகளை ஒன்றுசேர்த்து எண்ணினோம். முதலிடத்தில் நின்றது 'கருப்பு' என்ற சொல். புத்தகத் தலைப்புகளில் இருந்ததோ 'கறுப்பு'. அகராதியில் இரண்டுமே உண்டு. பாவம், கணினிக்கு அது தெரியாது. சோலரில் ஒத்த சொற்களுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றே என அதில் எழுதி, சோலரை மறுபடி தொடங்கச் செய்து, 'கருப்பு' என்று தேடினோம்.

லாக்கில் புதிய வரி விழுந்தது: ஹிட்ஸ்=3.